வீட்டுக்குள் பதினாறு வயலின்கள்

நோட்ஸ்காரரின் மனைவி பீரோவைத் திறந்தபோது, பதினாறு வயலின்கள் தந்தியை விரலால் சுண்டும் சத்தம் அந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. ரேடியோ ஓடவில்லை, டிவி ரிப்பேருக்குப் போயிருந்தது. துடைத்த தரை காயாததால் நோட்ஸ்காரர் அவள் பின்னால் நுனிக்காலில் வந்துகொண்டிருந்தார். அவள் ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பீரோவைச் சாத்தினாள். வயலின்களும் வாயைச் சாத்திக்கொண்டன.

நோட்ஸ்காரர் என்பது தெரு வைத்த பெயர். இசையமைப்பாளர் எழுதும் பின்னணி இசையைப் பிரித்து, வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் அவரவர் வாசிக்க வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். இருபத்தாறு வருடத்தில் அறுபத்தொரு படங்கள், அத்தனையும் குடும்ப காமெடி. அறுபத்தொன்றாவது படத்தின் ரீரெக்கார்டிங் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. அதன் வாத்தியங்கள் அவர் பின்னாலேயே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டன என்பது வார முடிவில் உறுதியாயிற்று. மச்சினன் படியேறினால், பஸ்ஸூன் என்கிற அந்தத் தடித்த குழல் அவன் தொப்பைக்குத் தாளம் போட்டது. பால் பொங்கினால் புல்லாங்குழல் கூடவே பொங்கியது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை டிரம் மட்டும் வேண்டாம், தான் தூங்குகிற நேரம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மற்றவர்களுக்கு அவ்வளவுதான் விஷயம்.

நோட்ஸ்காரருக்கு மட்டும் கணக்கு உதைத்தது. காமெடிப் படத்தில் மனிதன் பொய் சொல்வான், வாத்தியம் சொல்லாது. தொப்பைக்குப் பஸ்ஸூன், வழுக்கி விழுந்தால் டிரம்போன், திருட்டுத்தனத்துக்குச் சுண்டு வயலின். யோக்கியமான ஒரு ஆள் நடந்து போகையில் வயலினைச் சுண்டச் சொல்லி அவர் ஒரு தாளிலும் எழுதியதில்லை. அப்படியிருக்க, இவள் பீரோவைத் திறந்தால் சுண்டுவானேன்? ஜன்னலோரம் நின்றால் சுண்டுவானேன்? போனில் "ம்ம்" என்றால்கூடச் சுண்டுவானேன்?

அவர் துப்பறிய ஆரம்பித்தார். கைப்பையைக் குடைந்தார், சீப்பும் குடையும் இருந்தன. பீரோவின் அடித்தட்டு வரை துழாவினார். பழைய ஸ்வெட்டர் இருந்தது. அவள் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு எதிர்ச்சாரியில், விரித்த வாரப் பத்திரிகைக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்றார். அங்கேயும் வயலின்கள் சுண்டின. போவோர் வருவோர் அவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள், அதை அவர் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் ஒரே வாரத்தில் மூன்று முறை கடைக்கு வந்துபோன ஒரு நெட்டையன் மேல் இருந்தது.

"யாரு அந்த நெட்டையன்?" என்றார் சாப்பிடும்போது, ஏதோ போகிற போக்கில் கேட்பவர்போல.

"இருமல்காரர்."

"ஒரு வாரத்துல மூணு பாட்டிலா?"

"இருமலுக்கு என்ன, வார லீவா இருக்கு?"

நெட்டையனை அவர் பதினோரு நாள் பின்தொடர்ந்தார். அந்த ஆளுக்கு உண்மையிலேயே இருமல் இருந்தது.

சந்தேகம் அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. தடயம் கிடைக்காதது அவருக்கு ஒரு தடயமாகப் பட்டது. இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அவள் பேச்சைக் குறைத்தாள், பிறகு சிரிப்பைக் குறைத்தாள்.

மச்சினன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "மாமா, அக்கா பல்லு தேய்க்கும்போதுகூட சுண்டுது. பல்லுல என்னத்த ஒளிப்பா?"

"அதான் மாப்ள, எனக்கும் பிடிபட மாட்டேங்குது."

ஒரு சனிக்கிழமை காலை அவள் கட்டில்மேல் பெட்டியைத் திறந்து வைத்துப் புடவைகளை அடுக்கினாள். கதவிடுக்கில் நோட்ஸ்காரரின் ஒரு கண் தெரிந்தது. வயலின்கள் வெறிபிடித்ததுபோல் சுண்டின.

"என்னத்த ஒளிச்சு வைக்கிற?"

"ஒளிச்சு வைக்கல, மடிச்சு வைக்கிறேன். நான் கிளம்புறேன்." அவள் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "போன மாசம் ரெக்கார்டிங்னு நாலு நாள் வெளியூர் போனீங்களே, இந்த வீட்டுல ஒரு தந்தி சுண்டல. தம்பி படியேறுனா பூம்பூம்னு வரும், அதோட சரி. நீங்க வந்து செருப்பக் கழட்டுனீங்க, ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப?"

"மாமா, கோச்சுக்காதீங்க," என்றான் கூடத்திலிருந்து மச்சினன். "அக்கா பின்னாடி நுனிக்கால்ல நடந்து வருவீங்கள்ல? அதுக்குத்தான் வாசிக்குது."

நோட்ஸ்காரர் நுனிக்காலில் ஓர் அடி எடுத்து வைத்தார். சுண்டியது. நின்றார். நின்றது. ஒரு காலைத் தூக்கி, யாருக்கும் தெரியாததுபோல் மெல்லக் கீழே வைத்தார். கடைசி வரிசையில் ஒரே ஒரு வயலின், 'டிங்' என்றது.

அவர் அலமாரிக்குப் போய் அறுபத்தொன்றாவது படத்தின் தாள்கட்டை இறக்கினார். பதினாறு பேருக்கும் நகலெடுத்த வயலின் தாளில், முப்பத்திரண்டாவது பார் என்கிற தாளக்கட்டத்தில், கணவன் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும் இடத்தில், 'பிஸ்' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. வில்லைக் கீழே வை, விரலால் சுண்டு என்று அர்த்தம். ஒருமுறை அதை எழுதிவிட்டால், வில்லை எடு என்பதற்கு 'ஆர்கோ' என்று மறுபடி எழுதும்வரை, வீடே தீப்பற்றினாலும் வயலின்காரர் சுண்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இசையமைப்பாளர் தம் தாளில் எண்பத்தெட்டாவது பாரில், கணவன் தன் தப்பை உணர்ந்து மனைவி முன் நிற்கும் இடத்தில், கொட்டை எழுத்தில் 'ஆர்கோ' போட்டிருந்தார். நோட்ஸ்காரர் அதைப் பெயர்த்தெழுத மறந்திருந்தார். ரெக்கார்டிங்கில் பதினாறு பேரும் மன்னிப்புக் காட்சி முழுவதும் சுண்டித் தள்ளினார்கள். டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்து, இதுவே இருக்கட்டும் என்றார். தியேட்டர்களும் சிரித்தன.

அவர் பேனாவைத் திறந்து, இரண்டு வருடம் தாமதமாக, அந்த இடத்தில் 'ஆர்கோ' என்று எழுதினார்.

பதினாறு வில்கள் ஒன்றாய் எழும்பும் காற்று அறையில் வீசியது. பிறகு நீண்ட, அகலமான மன்னிப்பு மெட்டு புறப்பட்டது. மச்சினன் மூக்கைச் சிந்தினான். கீழே வீட்டுக்காரர் தூங்குகிற நேரமில்லாததால் ஓர் அழுகை அழுதார். அந்த மாதிரி மெட்டைக் கேட்ட பிறகும் கையில் பெட்டியோடு நின்ற மனைவி அவர் எழுதிய படங்களில் ஒருத்திகூடக் கிடையாது. நோட்ஸ்காரர் நம்பிக்கையோடு பெட்டிக்குக் கை நீட்டினார்.

"அது உங்க வயலின் சொல்லுது," என்றாள் அவள். "நான் இன்னும் சொல்லல."

அவள் படியிறங்கினாள். வயலின்கள் ஆறாவது படிவரை கூடவே போயின. அதற்குமேல் என்ன வாசிப்பதென்று எழுதியிருக்கவில்லை, ஒவ்வொன்றாய் நின்றுபோயின.

மருந்துக்கடைத் தோழி ஒருத்தியின் வீட்டில் அவள் நாற்பத்துமூன்று நாள் இருந்தாள். நோட்ஸ்காரர் முழுப் பாதம் ஊன்றி நடக்கப் பழகினார். வீடு நிசப்தமாக இருந்தது, அவருக்கு அது பிடிக்கவில்லை. இருபதாம் நாள் மருந்துக்கடைக்குப் போய் வரிசையில் நின்றார். முறை வந்தது, கவுண்டரில் அவள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். முன்பக்கமா வந்தேன்... தப்புதான்னு சொல்லிட்டுப் போலாம்னு."

"சொல்லியாச்சுல்ல? பின்னாடி ஆளு நிக்குறாங்க, தள்ளுங்க."

நாற்பத்துநாலாம் நாள் சாயங்காலம் அவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். வாசலைத் தாண்டியதும் ஒரு மெட்டு கேட்டது. ஒரே வாத்தியம், தணிந்த குரல். செல்லோ என்கிற பெரிய வயலினா, வேறு ஏதாவதா, சொல்ல முடியவில்லை. அவர் எழுதிய எந்தத் தாளிலும் அது கிடையாது. சந்தோஷமா, கோபமா, மன்னித்துவிட்டாளா, பார்த்துக்கொள்கிறேன் என்கிறாளா?

"என்னது இது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான நோட்ஸ்காரரு."

ஒன்பது வருடமாக, அவள் வேலையிலிருந்து வந்து முகம் கழுவி முடிக்கும்வரை அந்த மெட்டு கேட்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் சொல்லவில்லை. தொடக்கத்தில் அவர் விரல்கள் பேனாவைத் தேடித் தவித்தது உண்மை. இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு அடுப்பில் டீ கொதிக்கிறது. மெட்டு முடிந்த பிறகு வடிகட்டுகிறார்.