நாறும் படங்கள்

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை காலை யூனிஸின் கைப்பேசி செத்த எலி போல நாறியது. பொத்தேரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வக உதவியாளரான அவள், உறையைக் கழற்றினாள், ஸ்பிரிட்டால் துடைத்தாள், அரிசிக்குள் புதைத்தாள். கடைசியில் அரிசியைத்தான் கொட்ட வேண்டியிருந்தது. மதியத்துக்குள், திருநீர்மலை அடிவாரத்தில் அவள் குடியிருந்த காலனியில் நாற்பத்தோரு கைப்பேசிகளில் அதே நாற்றம். சாக்கடை அடைப்பு என்று சங்கச் செயலாளர் ஜீவானந்தம், கைப்பேசியை மூக்குக்கு எட்டாமல் நீட்டிப் பிடித்தபடி, வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார்.

அதற்கு முந்தைய வாரம்தான் காலனிக்குப் பின்னாலிருந்த புதரில் ஒரு முள்ளெலியையும் இரண்டு குட்டிகளையும் யூனிஸ் கண்டாள். அருகிவரும் பிராணி, தெரிந்தால் எல்லோரும் காப்பாற்றுவார்கள் என்று நம்பி, ஒரு முழத் தூரத்தில் எடுத்த படத்தோடு இடத்தையும் குழுவில் போட்டாள். அன்று மாலையே, மலைக்கோயிலிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே புதருக்கு வந்து வரிசையில் நின்றார்கள். கிண்ணத்தில் பால் வைத்தார்கள், கிரீம் பிஸ்கட்டை உதிர்த்தார்கள், சுருண்டுகொண்ட தாயைக் குச்சியால் புரட்டி மூஞ்சியில் வெளிச்சம் அடித்தார்கள். மாட்டுப்பால் முள்ளெலிக்குப் பேதியாகும், தாய் சுருண்டே கிடந்தால் குட்டிகள் பால் குடிக்க முடியாது என்று யூனிஸ் பொறுமையாக விளக்கினாள்.

"ஒரு செல்ஃபிதானே யூனிஸ், கரைஞ்சா போயிடும்?" என்று பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி, முள்ளெலியின் பேதியை மிதித்துக்கொண்டே சிரித்தாள்.

ஞாயிறன்று குட்டிகளில் ஒன்று எறும்பு மொய்த்துச் செத்துக் கிடந்தது. அதையும் நான்கு பேர் படமெடுத்தார்கள். யூனிஸுக்கு முதலில் அவர்கள் மேல் கோபம் வந்தது, பிறகு தன் மேல். மிச்சமிருப்பது ஒரு குட்டி.

முள்ளெலிப் படம் இருந்த கைப்பேசிகள் மட்டுமே நாறுவதைக் கவனித்து, அன்றே வீடு வீடாகப் போய் ஒவ்வொரு படத்தையும் திறந்து மோந்து குறித்துக்கொண்டாள். கிட்டப் போய் எடுத்தது அதிகம் நாறியது. வெளிச்சம் அடித்து எடுத்தது இரு மடங்கு. பத்தடிக்கு அப்பாலிருந்து, வெளிச்சமில்லாமல் எடுத்த ஒரே படம் நாறவில்லை. இடத்தோடு பகிர்ந்த படம் ஒவ்வொரு பகிர்வுக்கும் ஒரு படி கூடியது. பத்தொன்பது குழுக்களுக்குப் போயிருந்த யூனிஸின் படம்தான் எல்லாவற்றிலும் மோசம்.

"சோறு எறங்கலம்மா. இன்னா பண்ணா போவும், சொல்லு" என்றார் ஜீவானந்தம்.

"படத்தையும் இடத்தையும் அழிங்க சார். நானும் அழிக்கிறேன்."

முள்ளெலிக்காக அழிக்காதவர்கள் மூக்குக்காக அழித்தார்கள்; நாற்றம் போனது. ஐப்பசியில் அந்தக் குட்டி தானே கறையான் தோண்டித் தின்றது. இப்போது பார்க்க வருபவர்கள் பத்தடியில் நிற்கிறார்கள். பால் இல்லை, வெளிச்சம் இல்லை. ஒன்பதாவது அடியில் கைப்பேசி லேசாக நாறும். ஓரடி பின்னால் போனால் நின்றுவிடும்.