ரிஞ்சுவின் நாற்காலி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையில் ஒருத்தி பொய். கொழிஞ்சாம்பாறையில் நபீஸாவின் துணிக்கடை மாடியில், சனிக்கிழமை மதியங்களில், பகடை உருட்டிக் கதை விளையாடுகிறோம். கதை சொல்பவன் நான். அதற்குள் ஆட்களாகி நடப்பவர்கள் ஆட்டிசம் உள்ள இருவர்: ஜின்சன், நபீஸாவின் மகள் இர்ஃபானா. மனிதர்களோடு பழக இது ஒரு பயிற்சி. மேஜைக்கு ஒரே சட்டம்: அடுத்தவர் காயைத் தொடுமுன் அவரைக் கேட்க வேண்டும்.

இதைக் கதையாக எழுத உட்கார்ந்தபோது இரண்டு பேர் போதவில்லை. ரிஞ்சு என்றொரு பெண்ணைச் சேர்த்தேன். பச்சைச் சட்டை, ஈரத் தலைமுடி. (ஈரம் ஏன் என்று யோசிக்கவில்லை. கை போன போக்கில் வந்தது.) யாருக்கும் காட்டவில்லை.

2

முதல் தொடக்கம்: "இரண்டு வருடமாக வாய் திறக்காத இர்ஃபானா அன்று…"

வேண்டாம். "பேசாம இல்லீங்க. நீங்க கேட்டது எதுவும் பேசற மாதிரி இல்ல" என்று அவளே பிற்பாடு சொன்னாள்.

இன்னொரு தொடக்கம்: அடுத்த சனிக்கிழமை இர்ஃபானா கூடுதலாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேஜைமேல் ஒரு பச்சைப் பொத்தானைக் காயாக வைத்தாள்.

"ஆருக்கு?" என்றான் ஜின்சன்.

"ரிஞ்சுக்கு. தலை தொவட்டத் துண்டு வேணும்."

என் பையைத் திறந்து பார்த்தேன்; எழுதிய தாள்கள் வைத்த மடிப்பு கலையாமல் இருந்தன.

3

அதன்பின் இர்ஃபானா தன் முறைக்குக் காத்திருந்தாள். "குளிருதா?" என்று கேட்டாள். சிரித்தாள். எல்லாம் அந்தக் காலி நாற்காலியிடம்.

"ஏனுங்க சார், அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. நிறுத்திப்போடாதீங்க" என்றார் நபீஸா.

ஆனால் விளையாட்டில், மேஜைமேல் விரித்த கட்டம் போட்ட வரைபடத்தில், நாங்கள் சின்னக்கானல் மலைப் பனிமூட்டத்தில் இருந்தோம். வாராவாரம் அந்தப் பொத்தான் பாறை விளிம்பை நோக்கி ஒரு கட்டம் தள்ளி இருந்தது. நகர்த்தியது நானல்ல. ஜின்சனும் இர்ஃபானாவும் சட்டத்தை மீறவே மாட்டார்கள். பொத்தானுக்குப் பின்னாலேயே இர்ஃபானா தன் காயை வைத்தாள். விளிம்பைத் தாண்டியவர் திரும்புவதில்லை என்று விதி செய்தவன் நான். அவளும் தாண்டிப் போய் மறுபடி மௌனமாகிவிட்டால், அல்லது நிஜமாகவே…

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

வீட்டுக்குப் போய் ரிஞ்சு வரும் வரிகளையெல்லாம் அழித்தேன்.

4

அடுத்த சனிக்கிழமை இர்ஃபானா மாடியேறி வந்ததும் நாற்காலியைப் பார்த்தாள்.

"அவள அழிச்சுப்போட்டீங்க."

"உன் நல்லதுக்குத்தான்மா."

"கேட்டீங்களா?"

"இல்லாத ஒருத்திய எப்படிக் கேக்கறது?"

"நான் இருக்கேனுங்க. என்னையுங் கேக்காமத்தான எழுதறீங்க?"

வெட்கமாகிவிட்டது. அவள் தொடர்ந்தாள்: "தலை ஏன் ஈரம்னு நீங்க சொல்லவே இல்ல. அதத் தேடித்தான் அவ விளிம்புக்குப் போறா. தனியாப் போகச் சொல்றீங்களா?"

ரிஞ்சுவுக்கென்று தான் நாற்காலியில் போட்டுவைத்திருந்த துண்டை எடுத்துப் பிழிந்தாள். தரையில் தண்ணீர் கொட்டியது.

"இப்பக் கேளுங்க" என்றாள்.

எழுதட்டுமா, விளிம்புக்குப் போகவிடட்டுமா என்று இர்ஃபானாவையும் காலி நாற்காலியையும் கேட்டேன். இர்ஃபானா சிறிது நேரம் நாற்காலிப் பக்கம் காது கொடுத்தாள். "படிக்கறவங்களையுங் கேக்கச் சொல்றா" என்றாள்.

5

ஆகவே கேட்கிறேன். விளிம்புக்கு ஒரு கட்டம்தான் மிச்சம். இருவரையும் போகவிடட்டுமா? பதில் சொல்லுமுன், உங்களுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தால், ஈரமா என்று தொட்டுப் பாருங்கள்.

கேட்டுவிட்டுத் தொடுங்கள்.