கீ என்றால் கீழே

என் வீட்டுக்காரருக்குத் திருகுகிற சாமான் எல்லாமே கீதான். வீட்டுச் சாவி கீ, வேன் சாவி கீ, குழாய் ரிப்பேர்காரர் பையில் இருக்கும் திருகுக் குறடுகூட கீ. இருபது வருஷமாக வேன் ஓட்டுகிற மனுஷர், வாயைத் திருத்த நானும் பார்த்துவிட்டேன், முடியவில்லை. அன்றைக்கு எங்களைக் கவிழ்த்ததும் காப்பாற்றியதும் அந்த ஓரெழுத்துதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் என் தங்கைக்குக் கிடைக்கவிருந்த வீட்டில் இருந்தோம். தரைத்தளம், ஒரே அறை, ஒரு சமையலறை, சக்கர நாற்காலி தாராளமாக நுழைகிற கதவுகள். பதினோரு மாதத்துக்கு முன் படிக்கட்டில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து அவள் எங்கள் ஹாலில்தான் இருக்கிறாள். இப்போது தனியாகத்தான் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நான் இதைச் சொன்னால், "என்னால நிக்க முடிஞ்சது அது ஒண்ணுதான், அதையும் விடச் சொல்றியா?" என்று கேட்பாள். இவளிடம் வாய் கொடுத்து மீள முடியாது.

மூன்று மணிக்கு மருத்துவமனையிலிருந்து ஓர் அம்மா வருவதாக இருந்தது. அட்டையும் பேனாவுமாக வந்து ஒவ்வொன்றாக டிக் போடுவார், அதனால் தங்கை அவருக்கு வைத்த பெயர் டிக்கம்மா. அவர் எதிரில் என் தங்கை யார் உதவியும் இல்லாமல் அலமாரியிலிருந்து சாமான்களை எடுத்து, டீ போட்டு, எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அலமாரியில் மூன்று தட்டாவது அவள் கைக்கு எட்டியாக வேண்டும். எட்டினால், சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று மருத்துவமனை ஒதுக்கும் இந்த வீடு அவளுக்கு. எட்டாவிட்டால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும், அப்புறம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

சமையலறைக்கான சின்னப் பெட்டிகளை முந்தின நாளே பொருத்தி முடித்திருந்தோம். பாக்கி, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய அலமாரி ஒன்று. அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் சமையலறைத் தரை தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பலகை. தங்கையை அறையில் இருக்கச் சொன்னோம். அவள் அங்கிருந்தே, "மாமா, ஸ்க்ரூ எல்லாம் எண்ணிப் பாத்தீங்களா?" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

கூட வந்த தாளில் ஒரு வார்த்தை கிடையாது, வெறும் படம். என் வீட்டுக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் புரியுது," என்றார். நான் பிடுங்கிக்கொண்டேன். பக்கப் பலகைகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தன. பலகையின் ஒரு பாதியில் மட்டும் குட்டிக் குட்டி ஓட்டைகள். அவற்றில் முளை செருகி, முளைமேல் தட்டை வைக்க வேண்டும். தட்டை இஷ்டம்போல ஏற்றி இறக்கலாம் என்று விளம்பரத்தில் பார்த்துத்தான் நானே இதை வாங்கச் சொன்னேன். ஆனால் படத்தில் ஓட்டை இருக்கிற பாதி மேலே இருந்தது. கீழ்ப்பாதி தனியாக இழுப்பறை வாங்கி மாட்டுகிறவர்களுக்காம். அது மொழுமொழுவென்று கிடந்தது.

என் தங்கையின் கை எவ்வளவு உயரம் எட்டும் என்பது எனக்கு அத்துப்படி. என் வீட்டு அடுப்புக்கு மேல் இருக்கும் முதல் தட்டு வரை எட்டும், அதற்குமேல் ஒரு விரல்கடைகூட எட்டாது. பலகையில் அளந்து பார்த்தேன். படத்தில் உள்ளபடி நிறுத்தினால் அவளுக்கு எட்டுவது ஒரே ஒரு தட்டு.

பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டால் எனக்குப் பயம், அவ்வளவுதான். இரண்டு தடவை குளியலறையில் விழுந்திருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் தாழ்ப்பாள் போடக்கூடாது என்பது என் சட்டம். முப்பத்தாறு வயதுக்காரி, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு குளிப்பாள், நான் வெளியே துணி மடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பேன். இங்கே யார் நிற்பார்கள்? தட்டு எட்டவில்லை என்றால் அது அலமாரியின் குற்றம். நான் ஒன்றும் தடுக்கவில்லையே. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, முளை ஓட்டை இல்லாத பக்கத்து முனைகளில் பென்சிலால் 'கீ' என்று எழுதினேன். கீ என்றால் கீழே. பிறகு, ரொட்டியும் பழமும் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

கடையில் கூட்டம். நான் திரும்பும்போது மணி இரண்டேகால். அலமாரி நெட்டுக்குத்தாக நின்றது. முதுகுப் பலகையும் ஆணி அடித்துக் கால்களும் பொருத்தி, பக்கத்தில் என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் பலகையைப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் கீழ்ப்பாதியில் இருந்தன.

"தலைகீழா நிறுத்தியிருக்கீங்க," என்றேன்.

"இல்லையே. நீ எழுதின மாதிரியேதான் பண்ணேன்."

"கீன்னு எழுதியிருந்தேன்ல?"

"அதான். கீ போட்டு முறுக்கற பக்கம்." தாளை எடுத்துக் காட்டினார். முதல் படத்திலேயே, மேல் பலகைக்குப் பக்கத்தில் திருகை முறுக்குகிற வளைந்த கம்பி, அதாவது அவருடைய கீ, பெரிதாகப் போட்டிருந்தது. "கீ எழுதின முனையை மேல வெச்சு, கீ போட்டு டைட் பண்ணேன். தனியா கதவு வாங்கினா கீல் மாட்டற இடமோன்னுகூட ஒரு சந்தேகம் வந்துச்சு. ஆனா கீல் ஓட்டை ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"கீழேன்னு அர்த்தம். கீழே கீழே கீழே. முழுசா எழுதினாத்தான் புரியுமா உங்களுக்கு?"

"முழுசா எழுதறதுக்கு என்ன, பென்சில் தீந்துடுமா? விடு, அரை மணி நேரத்துல கழட்டித் திருப்பிடறேன்," என்று அவர் கீயைத் தேட ஆரம்பித்தார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், கழற்றாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ரொட்டியைப் பையிலிருந்து எடுத்து மேடையில் வைத்தேன். சத்தம் கேட்டுத் தங்கைதான் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அலமாரியை ஏற இறங்கப் பார்த்தாள். கையை நீட்டிக் கீழ் ஓட்டையைத் தொட்டாள், அப்படியே ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். கடைசி ஓட்டை அவள் தோளுக்கு நேராக இருந்தது.

"மாமா, இதுல கை வெச்சா கொன்னுடுவேன்," என்றாள். "முளைய எடுங்க."

முளைகளை அவளே செருகினாள். நான்கு தட்டுகளை அவளே வைத்தாள், ஒன்றை இரண்டு ஓட்டை இறக்கினாள், டம்ளர் உயரம் பார்த்து மறுபடி ஏற்றினாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள். அங்கே என் எழுத்து தலைகீழாக இருந்தது. அவருக்குப் புரியாதது அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கூடப் பிறந்தவள் ஆயிற்றே. மாமாவைக் குப்பை போட அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"நீ சரியாத்தான் எழுதியிருக்க, இல்லக்கா?"

"ம்."

"அப்படி நிறுத்தினா எனக்கு எட்டாதுன்னு தெரியும்."

"தெரியும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. "பயமா இருக்குடி. நீ விழுந்தா எனக்குச் சத்தம் கேக்காது."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கி முடித்தாள். பிறகு சொன்னாள்: "விழுந்தா ஃபோன் பண்றேன். விழலன்னாலும் பண்றேன். மூஞ்சிய கழுவு, அந்தம்மா வர்ற நேரம்."

டிக்கம்மா மூன்றுக்குச் சரியாக வந்தார். தங்கை டம்ளர் எடுத்தாள், டீத்தூள் எடுத்தாள், சர்க்கரை எடுத்தாள், டீ போட்டாள். எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்தாள். நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கை தன்னால் நீளும்போதெல்லாம் அடக்கிக்கொண்டேன். பேனா நான்கு முறை டிக் போட்டது. பயம் போகவில்லை. ஆனாலும் அது வீட்டை அவளிடமிருந்து பறிக்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

"மேல் பாதி சும்மா கிடக்கே?" என்று கேட்டார் டிக்கம்மா.

"எனக்கு மேல என்ன வேலை?" என்றாள் தங்கை.

கையெழுத்துப் போட்டுவிட்டு டிக்கம்மா சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். இரண்டும் என் கைப்பையில்தான் இருந்தன. ஒன்றை எடுத்துத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. இன்னொன்றையும் எடுத்து வைத்தேன்.

நாலரை மணிக்கு நாங்கள் கிளம்பினோம். கதவு மூடியது. உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாளும். பல மாதத்துக்குப் பிறகு அவள் போட்ட முதல் தாழ்ப்பாள் அது. நான் அங்கேயே நின்றேன்.

"துணி மடிக்கிறியாக்கா?" என்றது உள்ளிருந்து குரல். "கிளம்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. வேனில் ஏறும்போது என் வீட்டுக்காரர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "அடடா, கீ என்கிட்டயே வந்துடுச்சு," என்று அந்த வளைந்த கம்பியை எடுத்துக் காட்டினார். "போய்க் குடுத்துட்டு வந்துடட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். "அது ஒண்ணாவது நம்மகிட்ட இருக்கட்டும்."