நாலி டீச்சர்

மாதிரித் தேர்வு விடைத்தாள்களை ஆசிரியர் அறை மேசைமேல் தொப்பென்று போட்டாள் ருமியானா. அவளிடம் கணக்குப் படிக்கும் ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு இரண்டு. ஆறு முழு மதிப்பெண், இரண்டு என்றால் ஃபெயில்; அதற்குக் கீழே எங்கள் நாட்டில் மதிப்பெண் கிடையாது, இருந்திருந்தால் அதையும் போட்டிருப்பாள். மே பிறந்தாயிற்று. ஜூனில் அரசுத் தேர்வு. நல்ல உயர்நிலைப் பள்ளி கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

"சோம்பேறிக் கழுதைங்க! தொண்டை கிழியக் கத்தறேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுதுங்க. பேப்பர்ல பார்த்தா ஒண்ணுமில்ல."

பூகோள ஆசிரியர் ஸ்தாமென் எதிரே உட்கார்ந்து, பானிட்சா என்கிற அடுக்கு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளிருந்த பாலாடைக்கட்டி மேசையெங்கும் உதிர்ந்தது. "கோச்சுக்காதம்மா. ஒருநாள் உன் வகுப்பைப் படம் புடிச்சுப் பாரேன்."

"ஆமா, சினிமாவுல நடிக்கிற வயசு பாருங்க எனக்கு!"

"உன்னை யாரு எடுக்கச் சொன்னா? பிள்ளைங்களை எடு. நீ போர்டைப் பார்த்துக்கிட்டு நிக்கிறப்போ அதுங்க என்ன பண்ணுதுங்கன்னு தெரியும்ல."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். மறுநாள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே கைப்பேசியைக் கரும்பலகைக்கு மேலே பொருத்தினாள். கொஞ்ச நேரம் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். சமன்பாடு ஆரம்பித்ததும் அதை மறந்துபோனார்கள்.

மதியம் ஆசிரியர் அறையில் அவளும் ஸ்தாமெனும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

"எக்ஸை இந்தப் பக்கம் கொண்டு வர்றோம், நாலி?" என்றது அவள் குரல். "குறி மாறும், நாலி? இப்போ வகுக்கலாம், நாலி?"

நாலி என்றால் சரிதானே என்று அர்த்தம். பதிலை எதிர்பார்த்து யாரும் அதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு நாலிக்கும் வகுப்பு மொத்தமும் தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. எங்களுக்கு அதுதான் ஆமாம்.

"ஐயோ, இவ்வளவு தடவையா சொல்றேன்?"

"பிள்ளைங்க உனக்கு வெச்சிருக்கிற பேரே நாலி டீச்சர்தான்."

ருமியானாவுக்குக் காது சுட்டது. "இத்தனை வருஷமா நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ கேக்கலையே. இரு, அந்தக் கடைசி பெஞ்சைப் பாரு."

கடைசி பெஞ்சில் யானிட்சா. இருக்கிற இடமே தெரியாத பெண். "குறி மாறும், நாலி?" என்றதும் மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கி, நாக்கால் 'ட்ச்' கொட்டினாள். இல்லை என்று சொல்ல எங்களுக்கு அது போதும். அடுத்த நாலிக்கும் அதே ட்ச். அதற்கடுத்ததற்கும். சாக்பீஸின் கிறீச்சொலியில் அது எடுபடவில்லை. ருமியானா திரும்பிப் பார்க்கவுமில்லை.

"வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று சீறினாள். ஆனால் எங்கே சொல்வாள்? ஒரு நாலிக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிடக்கூட இடமில்லை. களவைப் பிடிக்கப் போனவள் தானே அகப்பட்டுக்கொண்டாள். அதை ஸ்தாமென் முன்னால் ஒப்புக்கொள்ள முடியாத ஆத்திரம் வேறு.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு நாலி இல்லாமலே பாடம் நடத்தினாள். முடித்துவிட்டு, "புரியாதவங்க சொல்லுங்க" என்று காத்திருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேரே கடைசி பெஞ்சுக்கே போனாள்.

"யானிட்சா, உனக்குப் புரிஞ்சுதா?"

பின்னல் இரண்டு தோளிலும் அடிக்கும்படி ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள் அந்தப் பெண். பச்சைப் பொய். மற்றவர்களும் அப்படியே ஆட்டினார்கள். ருமியானாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இவர்களுக்குத் தன் முகத்தைப் பார்த்தால் பயம். உண்மையைத் தன் முதுகுக்குத்தான் சொல்வார்கள்.

விடுவிடுவென்று போய்க் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"சரி. நான் திரும்ப மாட்டேன். யாருக்குப் புரியல?"

சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால், தொலைவில், ஒரு 'ட்ச்'. ஜன்னல் பக்கம் இன்னொன்று. அப்புறம் தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல வகுப்பெங்கும் ட்ச், ட்ச், ட்ச்.

"எதுலேருந்து புரியல?"

"பின்னத்துலேருந்து, டீச்சர்." யானிட்சாவின் குரல்.

பின்னம் ஐந்தாம் வகுப்புப் பாடம். அதை நடத்தியதும் இதே ருமியானாதான்.

பலகையில் இருந்த அத்தனையையும் அழித்தாள். பிள்ளைகளுக்கும் தனக்குமாகச் சேர்த்து நாலு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

"பரவாயில்ல, முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கு, நாலி?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ட்ச்."