உள்சுவர்

அமோங்கியின் வீட்டுச் சாமான்கள் முழுக்க முற்றத்தில் கிடந்தன. கட்டில், இரண்டு பாய், எள்ளுப் பானை, கேழ்வரகு மூட்டை, ஒரு கால் ஆடுகிற நாற்காலி, அதன் மேல் ஏறி நின்று எங்களை முறைக்கும் கோழி. கொசு மருந்தடிக்கும் நாளில் எங்கள் ஊரில் யாரும் எதையும் ஒளித்துவைக்க முடியாது. எந்த வீட்டுப் போர்வையில் எத்தனை ஓட்டை என்பது எனக்கு அத்துப்படி. பதினைந்து வருடமாகத் தோளில் மருந்துத் தொட்டியும் முகத்தில் மூடியுமாக வீடு வீடாக அலைகிறவள் நான். இந்த வீட்டுக்கு மட்டும் பதினான்கு வருடமாக வேறு யாரையாவது அனுப்பிவிடுவேன். இன்று அனுப்ப ஆளில்லை. பகல் முழுக்கத் தள்ளிப்போட்டுக் கடைசி வீடாக வந்து நின்றேன்.

"வாங்க," என்றாள் அமோங்கி.

என்னைப் போய் வாங்க என்கிறாள். முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று. பார்வையைத் திருப்பினால் வேப்பமரத்தடியில் ஒரு குழி, அதில் சாணி கலந்த செம்மண் ஈரமாகக் குழைந்து கிடந்தது. சுவர் மெழுகப் போகிறாள்.

ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மெழுகுவோம். விடியற்காலையில் போய்ப் புற்றுமண் வெட்டுவோம். சதுப்பில் முழங்கால்வரை இறங்கிக் கரிய வண்டல் அள்ளுவோம். குழியில் இறங்கி மண்ணை மிதிக்கும்போது அமோங்கி ஊர் ஆம்பிளைகளின் நடையை ஒவ்வொன்றாக நடந்து காட்டுவாள். வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் தான் வரும் பாதிரியார் நடை வந்ததும் நான் சிரிப்பு தாங்காமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிடுவேன். பிறகு சுவர். அவளுக்கு வலக்கை, எனக்கு இடக்கை. அவள் வலது கோடியிலிருந்தும் நான் இடது கோடியிலிருந்தும் உள்ளங்கையால் வளைவு வளைவாக இழுத்துக்கொண்டே வருவோம். நடுவில் இரண்டும் பிசிறில்லாமல் வந்து சேரும். பக்கத்து ஊர்ப் பெண்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த டிசம்பர்களைப் போலச் சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் இந்த வேலையில் சேர்ந்த வருடம். போகிற வீட்டிலெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்: மருந்தடித்த சுவரை ஆறு மாதத்துக்கு மெழுகக் கூடாது, மெழுகினால் மருந்து மண்ணுக்குள் போய்விடும், கொசு வந்து ஜம்மென்று உட்காரும். அமோங்கி வீட்டிலும் ஒப்பித்தேன். மூன்று வாரத்தில் கிறிஸ்துமஸ்.

"ஒரே ஒரு சுவர் மட்டும் மெழுகிக்கலாமாடி டோர்க்கஸ்? ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள்.

"ஒரு சுவர்ல என்ன ஆயிடப்போவுது," என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். ஒரு சுவர் வீடு முழுக்க ஆயிற்று. நான் அடித்த மருந்தை என் கையாலேயே புதைத்தேன்.

ஏப்ரல் மழையில் அவள் மகள் ஸ்கோவியாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது, கூடவே வலிப்பு. ஐந்து வயது அப்போது. லிரா டவுன் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிழைத்தாள், வலது காது மட்டும் கேட்காமல் போய்விட்டது. கொசு எங்கே கடித்ததோ, யார் கண்டது என்றாள் நர்ஸ். அமோங்கி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் திட்டாததால் நான் போகவில்லை. நான் போகாததால் அவளும் வரவில்லை. இப்படியே பதினான்கு வருடம் போய்விட்டது.

"சனிக்கிழமை இவளப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க வராங்க," என்றாள் அமோங்கி, என்னைப் பார்க்காமல், பாயில் உட்கார்ந்திருந்த மகளைக் காட்டி.

ஸ்கோவியா இடது காதை எங்கள் பக்கம் சாய்த்துச் சிரித்தாள். "வீட்டப் பாத்துட்டு ஓடிடாம இருக்கணும்."

நான் முகமூடியைக் கழற்றினேன்.

"அமோங்கி, உள்ள மெழுகாத."

"வெடிச்ச சுவரப் பாத்துட்டுப் போகட்டுங்கறீங்களா?"

"பாத்துட்டுப் போகட்டும். அன்னிக்கே சொல்லியிருக்கணும். மெழுகக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். உங்கூட மெழுகணும்னு ஆசையா இருந்துது, அதான் சொல்லல."

அவள் மண்குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் உள்சுவரில் யாரும் கைவைத்திருக்கவில்லை. வெடிப்புகளுக்கு நடுவே எங்கள் பழைய வளைவுகள் மங்கலாக இருந்தன. மேலிருந்து கீழாக மருந்தை அடித்துக்கொண்டே வந்தேன். ஈரம் பட்டதும் செம்மண் நிறம் ஒரு கணம் பளிச்சென்று எழுந்து மறுபடி அடங்கியது. இரண்டு வளைவும் சேரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று அடித்தேன்.

வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் சாக்கட்டியால் தேதி எழுதினேன். இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அமோங்கி வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள்.

"வெளிப்பக்கம் மருந்து கெடையாதில்ல?"

"கெடையாது."

மண்ணை அள்ளிக்கொண்டு போய் வெளிச்சுவரின் வலது கோடியில் முதல் வளைவை இழுத்தாள். இரண்டாவதை இழுத்தாள். இடது கோடிப் பக்கம் போக எழுந்த ஸ்கோவியாவை, "நீ உக்காரு," என்று தடுத்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள்: "அந்த மருந்துச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, மொழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு."

மூன்று தடவை கழுவினேன். இடது கோடியிலிருந்து தொடங்கினேன். கை மறக்கவில்லை. சுவரின் நடுவில் இன்னும் நான்கு முழம் பாக்கி இருக்கும்போது மண் தீர்ந்துவிட்டது.

அமோங்கி குழியில் புது மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நானும் இறங்கினேன். கொஞ்ச நேரம் சும்மா மிதித்தாள். அப்புறம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் வயிற்றை முன்னால் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி, நாலு எட்டு வைத்தாள். அந்தப் பாதிரியார் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. ஸ்கோவியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எள்ளுப் பானைக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்று, நான் ஏன் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.