மூன்றில் நிற்காத டிரக்

குமிழ் மூன்றில் இருந்தது. டிரக் ஐந்தில் ஓடியது.

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊருக்கு வெளியே, சுற்றுவட்டத்தைத் தாண்டிய நேர்சாலையில், அந்த அமெரிக்க டீசல் டிரக் முன்னறிவிப்பு ஏதுமின்றி உறுமிக் கரும்புகை கக்கிப் பாய்ந்தது. பின்னால் கொளுவியிருந்த உணவு வண்டி ஒருமுறை குதித்தது. உள்ளே கொத்துரொட்டித் தகடு சுவரில் மோதும் ஓசை கேட்டது. தேவராசா மிதியிலிருந்து காலை எடுத்தார். சிறிது தூரத்தில் டிரக் தானாகவே சாந்தமடைந்தது. குனிந்து பார்த்தார். குமிழ் அப்போதும் மூன்றில்தான் இருந்தது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே பொருத்தப்பட்ட அந்தக் குமிழுக்கு ஐந்து நிலைகள். ஒன்று, சாதாரண ஓட்டம். மூன்று, பாரம் இழுப்பதற்கானது. ஐந்து, முந்தைய உரிமையாளர் பந்தய ஆசையால் எஞ்சின் கணினியில் எழுதுவித்த முழுப்பலம். ஐந்தில் ஓடியபடி பாரம் இழுத்தால் கியர்பெட்டி போகும். அது தப்பினால் வண்டி போகும்.

விடிந்தால் சனிக்கிழமை. முதியோர் இல்ல வேலையை விட்டுவிட்டுத் தேவராசாவின் மனைவி மனோரஞ்சிதம் தொடங்கிய அந்த உணவு வண்டிக்கு, வைலே துறைமுகச் சந்தையில் முதன்முறையாக இடம் கிடைத்திருந்தது. வராதவரின் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும் என்பதை ஏற்பாட்டாளர்கள் மிகுந்த மரியாதையுடன் தெரிவித்திருந்தார்கள். வைலேக்குள் இறங்கும் சாலையோ, டென்மார்க்கில் மலை என்று சொல்லத் தகுந்த மிகச் சிலவற்றுள் ஒன்று.

வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுச் சேகர் மடிக்கணினியுடன் காத்திருந்தான். திருச்சிக்காரன், காற்றாலைகளுக்கு மென்பொருள் எழுதுபவன்.

"என்னண்ணா, மறுபடியும் கோபப்பட்டுச்சா?"

"ஓம் தம்பி. மூண்டிலை விட்டனான். அது தன்ரை பாட்டிலை அஞ்சுக்குப் பாஞ்சிட்டுது."

"என் மேனேஜர் மாதிரியே இருக்கே. நாம ஒண்ணு சொன்னா அவர் வேற ஒண்ணு புரிஞ்சுப்பார்."

வாசற்படியில் கோவாவை, கொத்துரொட்டிக்கான முட்டைக்கோசை, அரிந்துகொண்டிருந்த மனோரஞ்சிதம் தலை நிமிரவில்லை. "இஞ்சருங்கோ, தொழிற்சாலையிலை அவ்வளவு பெரிய மெசின் எல்லாம் திருத்திறியள். இந்தச் சுண்டங்காய் சுவிச்சுக்கு என்ன வந்தது?"

"பெரிய மெசின் ஓடிப்போகாது, மனோ. ஒரு இடத்திலை நிண்டுகொண்டுதான் பழுதாகும்."

குமிழை முதல்நாளே புதிதாக மாற்றியாயிற்று. கணினியில் இருந்ததை அழித்துச் சேகர் மீண்டும் எழுதியாயிற்று. எஞ்சியது வயர்கள்தாம். தேவராசா மூன்றாந் தடவையாக எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்தார்.

திறந்ததும் கண்ணில் பட்டது தேசிக்காய்ச் சரம். பருத்த எலுமிச்சங்காய்கள் மூன்றும் ஒரு பிடி பச்சைமிளகாயும் கோத்தது. டிரக்கைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்த அன்று, முன்புறத்தில் கட்டச் சொல்லி ஐயர் கொடுத்தார். அது சாலட்டுக்கா என்று தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் ஸ்ரெபானி கேட்டதன் பின்னர், வெளியே தெரியக் கூடாது என்று தேவராசா சொல்லிவிட்டார். பொனற்றுக்குள்ளே இடம் பார்த்து மாட்டியவள் மனோரஞ்சிதம்.

தேவராசா செருப்பைக் கழற்றினார்; சரத்தை இரு கைகளாலும் எடுத்து மட்காட்டின் மேல் விரித்த துணியில் வைத்தார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில், எடுத்த திசையிலேயே திரும்ப வைக்க வேண்டும் என்பது அவர் தொழிலில் ஒருநாளும் மீறாத விதி.

பிறகு மின்சாரம் அளக்கும் மீற்றரை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து: ஒவ்வொரு நிலையும் தனக்குரிய அளவைப் பிசகின்றிக் காட்டியது. எஞ்சினை இயக்கி, வயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார். எஞ்சின் கணினியோடு இணைத்த சேகரின் மடிக்கணினித் திரையில் கோடு மூன்றிலேயே நின்றது.

"நிக்கிறப்ப சாது, ஓடுறப்ப சாமியாடுது," என்றான் சேகர். "ரோட்டுல ஏதாவது இருக்குமோ?"

"ரோட்டைக் கழட்டிப் பாக்கேலாது தம்பி."

சிரித்தார்கள், சிரிப்பு நீடிக்கவில்லை. முப்பது ஆண்டு அனுபவத்தில், காரணமற்ற பழுது என்று ஒன்றை அவர் கண்டதில்லை. இதற்கோ அவர் கொடுத்த காரணங்கள் யாவும் பொய்த்துவிட்டன. ஈரம் என்று நினைத்தார், வெயிலிலும் பாய்ந்தது. சூடு என்று நினைத்தார். புறப்பட்ட உடனேயும் பாய்ந்தது.

"நாளைக்குப் போகேலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ," என்றாள் மனோரஞ்சிதம். கத்தி நின்றிருந்தது. "கோவாவையாவது மிச்சம் பிடிப்பம்."

தேவராசா பொனற்றை அறைந்து மூடினார். செருப்பும் அணியாமல் ஏறி, சேகரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு புறப்பட்டார்.

டிரக் பாயவில்லை. நேர்சாலையில் பாயவில்லை, வேண்டுமென்றே பள்ளங்களில் விட்டும் பாயவில்லை. திரையில் கோடு மூன்றில் நின்றது. தேவராசாவுக்கு மகிழ்ச்சி வர மறுத்தது.

"நாம என்னண்ணா பண்ணோம்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பயமாயிருக்கு."

முற்றத்தில் மனோரஞ்சிதம் சரத்தை ஏந்தியபடி நின்றாள். துணி காற்றில் பறந்து வேலியில் கிடந்தது.

"இதை நிலத்திலை விழுத்திப்போட்டு எங்கை போனியள்? ஏதும் நடந்திருந்தால்? திறவுங்கோ அதை!"

தேவராசா இறங்கித் திறந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நூலின் வளையத்தைப் பழைய இடத்தில் மாட்டினாள். சரம் ஆடியது. டிரக் உறுமியது.

"அண்ணா, அஞ்சு!" உள்ளிருந்து சேகர் கத்தினான். "அஞ்சு காட்டுது!"

"ஐயோ, நான் ஒண்டையும் தொடேல்லை!" அவள் பதறிச் சரத்தை எடுத்தாள்.

"மூணு!"

தேவராசா குனிந்தார். வளையம் மாட்டியிருந்தது மெல்லிய கறுப்பு வயர் ஒன்றில்: குமிழை டிரக்கின் உடலோடு இணைக்கும் எர்த் வயர். அதன் நுனியில் சில இழைகளே பற்றியிருந்தன. விரலால் அசைத்தால் விடவில்லை; காய்கள் தம் பாரத்தோடு ஆடி இழுத்தபோதெல்லாம் தொடர்பு விட்டது. விட்டபோதெல்லாம் கணினி உச்ச அளவாகிய ஐந்தை வாசித்தது. மூன்று தடவையும் அவர் பழுதைப் பக்குவமாக எடுத்துத் துணியில் வைத்துவிட்டுப் பழுதைத் தேடியிருக்கிறார். முதல் இரண்டு தடவையும், தேடி முடிந்ததும், திசை மாறாமல் திரும்ப மாட்டியிருக்கிறார்.

"அப்ப ஐயர் தந்ததாலைதான் பழுதெண்டு சொல்லப்போறியளோ?" அவள் குரலில் போருக்கான ஆயத்தம் தெரிந்தது. "இது இல்லாமல் என்ரை வண்டி வெளிக்கிடாது, சொல்லிப்போட்டன்."

"ஐயர் முன்னுக்குக் கட்டச் சொன்னவர், மனோ. ஒளிச்சுக் கட்டச் சொன்னது நான்."

வயரின் நுனியை வெட்டி, புதிய முனை வைத்து அழுத்தி, வாகனத்தின் உடலோடு திருகி முறுக்கினார். சரத்தை முன் பம்பரின் நடுவில், ஊரறியக் கட்டினார். வயரைப் பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை, வைலேக்குள் இறங்கும் சரிவில், டிரக் மூன்றில் இறங்கியது. பம்பரில் தேசிக்காய்கள் தம் இஷ்டத்துக்கு ஆடின. தேவராசா மூச்சைக் கூட அளந்துவிட்டார். தூரத்தில் கடல்நீரும் துறைமுகக் கூடாரங்களும் தெரியத் தொடங்கியபோது, மனோரஞ்சிதம் திடுக்கிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா, சத்தத்தையே காணேல்லை? திரும்பவும் பழுதோ?"