தம்பிக்கான படிவம்

…இயற்கையா, விபத்தா, மற்றவையா, மூன்றே கட்டங்கள்தான், இதில் தம்பி எதில் அடங்குவான், போன செவ்வாய் நடுப்பகலில் தகரக் கூரை மாட்டிக்கொண்டிருந்தவன் தலை சுற்றுகிறது என்று ஏணியில் இறங்கி, தண்ணீர் கேட்டு, அது வருவதற்குள் சரிந்துவிட்டான், கால் தவறி விழுந்திருந்தாலாவது விபத்து என்று போடலாம், அவன்தான் எதையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவனாயிற்றே, ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினானாம்… கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இறப்பைப் பதிவு செய்யும் பெண் பேனாவோடு காத்திருந்தாள். "இதயம் நின்னுடுச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காருங்க. இயற்கைன்னே போட்டுடலாமா சார்?" அண்ணன் மூன்று கட்டங்களையும் மறுபடி படித்தார், ‘இயற்கை’க்கே திரும்பி வந்தார்.

அந்தச் சொல்லை அவரே எத்தனை தடவை சொல்லியிருப்பார், சாப்பாட்டு மேசையில், அடித்துப் பேசி, இருபத்தாறு வருஷமாக மின் நிலையத்தில் நிலக்கரிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரியாத சூடா, "பூமி சூடாறதும் ஆறுறதும் இயற்கைம்மா, முன்னாடி சூடானப்போ எந்த மின் நிலையம் இருந்துச்சு?" கல்லூரியில் வானிலை படிக்கும் மகள் விடுவாளா. "முன்னாடி நடந்ததை யாருப்பா இல்லேன்னாங்க? சூரியன் வெப்பம் கூடும் குறையும், எரிமலை வெடிக்கும். அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இந்தச் சூட்டுக்குப் பத்தல. நிலக்கரியை எரிச்சா வர்ற கார்பனுக்குத் தனி அடையாளம் இருக்கு, அது காத்துல ஏறிக்கிட்டே வருது." அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், தம்பிதான் நடுவில் புகுந்து சிரிப்பான், "விடு கண்ணு, அண்ணன் அடுப்புலதானே நம்ம எல்லார் வீட்டு உலையும் கொதிக்குது"… அந்த அடுப்பின் கண்ணாடித் துளை வழியே எத்தனை ஆயிரம் முறை தீயைப் பார்த்திருக்கிறார், எவ்வளவு அழகான தீ, ஊரெல்லாம் விளக்கெரிந்ததும் அதனால்தானே, அது பொய்யா, எத்தனை ஊரில் எத்தனை கொதிகலன், அவரவர் அள்ளிப் போட்டதில் ஒரு தம்பியைச் சாய்த்தது எது என்று யார் பிரித்துச் சொல்வது, சரி, அதை விடு, அவன் சரிவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, அவனிடமிருந்து போன் வந்ததே, அதையும் பிரிக்க முடியாதா. "அண்ணே, தகரத்தைத் தொட்டா கை வெந்து போகுது. ரெண்டு நாள் லீவு சொல்லிடவா?" அதற்கு அவர் சொன்னது, "எந்தக் கோடையிலடா வெயில் அடிக்காம இருந்துச்சு, போய் வேலையைப் பாரு." போனான். அண்ணன் சொல்லைத் தட்டாதவன்.

"சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க…" "போடுங்க" என்றார், கையெழுத்துப் போட்டார். வெளியே மகள் குடையோடு நின்றிருந்தாள். "சித்தப்பாவுக்கு என்னப்பா போட்டாங்க?" "இயற்கைன்னு." அவள் உதடு அசைந்தது, இதோ ஆரம்பிக்கப் போகிறாள், சூரியன், எரிமலை, நிலக்கரி, எல்லாவற்றையும் கொட்டப் போகிறாள், கொட்டட்டும், இன்று மறுத்துப் பேசக்கூடாது என்று அவர் குனிந்த தலையோடு காத்திருந்தார். "வெயில்ல நிக்காதீங்கப்பா" என்று குடையை அவர் பக்கம் சாய்த்தாள், அவ்வளவுதான். பேருந்து நிறுத்தம் வரை வேண்டுமென்றே மெல்ல நடந்தார், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாளா, அவளுடைய தோள் குடைக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்தது, அவள் வாயே திறக்கவில்லை, எல்லாம் தெரிந்தவள், தெரிந்துதான் பேசாமல் வருகிறாளா, எதிலிருந்து இவள் அவரைக் காப்பாற்றுகிறாள்…